படப்பெட்டி வண்டிக்குக் கட்சி இல்லை

என் வண்டிக்குக் கட்சி கிடையாது. இதை நான் எத்தனையோ பேரிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த வண்டி நடந்துகொண்ட விதம் அப்படி.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எனக்குப் படப்பெட்டி ஓட்டும் வேலை. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்ன வேலை என்றே தெரியாது. சென்னையிலிருந்து கப்பலில் ஒரு புதுப் படத்தின் ஒரே ஒரு பிரதிதான் வரும். அதை இரண்டு கொட்டகைகளில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துக் கொட்டகையில் முதலில் படம் தொடங்கும். அங்கே முதல் சுருள்கள் ஓடி முடிந்ததும் அவற்றைத் தகரப்பெட்டியில் போட்டு, ஒருவன் மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் பகார் கொட்டகைக்குப் பறப்பான். அங்கே அதற்குள் செய்திப்படமும் விளம்பரமும் காட்டிச் சனத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த பெட்டி. படம் முடியும்வரை இதே ஓட்டம். அந்த ஒருவன் நான்.

வண்டி, யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்கார ராணுவம் விட்டுவிட்டுப் போன இனத்தைச் சேர்ந்தது. ஒற்றைச் சிலிண்டர். தேர்முட்டி போல அசையாமல் நிற்கும், கிளம்பிவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு முன் எத்தனை பேர் கை மாறியதோ, உள்ளேயிருந்த ஒயர்களில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். ஆனாலும் அதன் மேல் எனக்குப் பெருமைதான். என் மனைவி கோபம் வந்தால், "அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல" என்பாள்.

சரி, கட்சி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ்ப் படத்தில் இரண்டு பெரிய நாயகர்கள். ரசிகர்களும் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். காப்பிக்கடையில் உட்கார்ந்து எங்கள் நாயகனுக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. எதிர்க்கட்சிக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை பார்த்த ஓர் அண்ணன். அகன்ற தோள், அடங்காத குரல், படத்தில் நாயகன் அடி வாங்கினால் கண் கலங்கிவிடும். அவருடைய நாயகன் படம் வெளியாகும் நாளில் வேலைக்குப் போகமாட்டார். முதல் காட்சிக்குச் சிராங்கூன் ரோட்டுக்கே வந்துவிடுவார். முதல் பெட்டி புறப்படும்போது என் வண்டிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கைப்பிடியில் ஒரு பெரிய மாலையைத் தன் கையாலேயே கட்டி அனுப்புவார். அந்த மாலையோடு பெட்டி தஞ்சோங் பகார் போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் ரசிகர்கள் பூவைப் பிய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் இந்த மாதிரிச் செலவெல்லாம் செய்ய மாட்டார்கள். பட்டாசோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்போது கேளுங்கள். எங்கள் நாயகன் படம் என்றால் என் வண்டி குதிரை மாதிரி ஓடும். அவர்கள் நாயகன் படம் என்றால், முதல் பெட்டியோடு போகும்போது, சிங்கப்பூர் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிடும்.

முதல் முறை நின்றபோது நான் பெரிதாக நினைக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் எஞ்சின் இருமியது, ஒரு நொடி பிடித்தது, மறுபடி விட்டது, அப்புறம் அடியோடு அடங்கியது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. ஹாரனை அமுக்கினேன், அலறியது. எஞ்சினில் மட்டும் உயிர் இல்லை. கைப்பிடியை மறைத்துக்கொண்டிருந்த மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரே உதை. கிளம்பிவிட்டது. பிளக்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

அடுத்த தடவை அதே நாயகன், அதே பாலம். புது பிளக் போட்டிருந்தேனே என்று ஆத்திரம். மாலையைக் கழற்றித் தோளில் போட்டேன். பிளக்குக்குப் போகும் ஒயரை அசைத்து இறுக்கினேன். கிளம்பியது. ஒயர்தான் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து புது ஒயர் போட்டேன். அதற்கடுத்த தடவை கார்ப்ரேட்டர். பாலம் கொஞ்சம் மேடேறி இறங்குவதால் பெட்ரோல் சரியாக இறங்கவில்லை என்று எனக்கு நானே பாடம் நடத்தி, கார்ப்ரேட்டரைத் தட்டினேன். அதற்கும் கிளம்பியது. எதைத் தொட்டாலும் சரியாகிவிடுகிறது, ஆனால் எதுவும் சரியாகவில்லை. இந்த மாதிரிக் கோளாறு வந்தவனுக்குத்தான் தெரியும், நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டி எவ்வளவு நல்ல வண்டி என்று.

ஜாலான் புசார் பக்கம் ஒரு சீன மெக்கானிக் இருந்தார். நாள் முழுக்க வண்டியை வைத்துக்கொண்டு, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவைப் பிரித்து, பாயிண்டைத் தேய்த்து, பாலத்துக்கே ஓட்டிப் போய்ப் போய் வந்தார். எங்கேயும் நிற்கவில்லை. "இனி மோட்டோர் பாகுஸ் லா" என்று மலாயில் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறதாம். பாலத்தில்தான் பேய் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தஞ்சோங் பகாரில் நிலைமை சிரிக்கும்படி இல்லை. பெட்டி வராமல் செய்திப்படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதில் சனம் கொதித்துப் போய், நாற்காலியின் முதுகைக் கிழித்தது. நான் பெட்டியோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது அந்த அண்ணன் வாசலிலேயே மறித்துக்கொண்டார். மாலையைக் கட்டி அனுப்பிவிட்டு, எனக்குப் பின்னால் பஸ் பிடித்து வந்தவர், எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்.

"ஏன் தம்பி, உங்க ஆளு படத்துக்கு ஒரு தடவையாச்சும் நின்னுருக்கா இந்த வண்டி? எங்க ஆளு படத்துக்கு மட்டும் நோவு வந்துருதா?" என்று சட்டையைப் பிடித்தார்.

"அண்ணே, வண்டிக்கு என்னண்ணே தெரியும் ஆளும் கீளும்!"

"வண்டிக்குத் தெரியாது. ஓட்டறவனுக்குத் தெரியும்ல?"

சுற்றி நின்றவர்கள் உறுமினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எதிர்க்கட்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியைக் கையில் வாங்கிவிட்டால் அது எவன் படமாக இருந்தாலும் என் படம். வேலையில் எனக்கு அந்த ரோஷம் உண்டு. அதையே சந்தேகப்பட்டால் எப்படி?

இரண்டு கொட்டகைகளையும் பார்த்துக்கொண்ட மானேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை கசங்காமல், குரல் உயராமல் பேசுவார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் உட்காரச் சொன்னதே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"தம்பி, எனக்கு உம்மில கோவம் இல்லை. ஆனால் சனம் கதிரையைக் கிழிக்குது. வாற தீபாவளிக்கு அவையின்ரை ஆளின்ரை படம்தான் வருது. முதல் பெட்டியை நீர் கொண்டு போம். அது பிந்தினால் ரெண்டாவது பெட்டியில இருந்து வேற ஆள்தான் ஓடும். நான் ஒரு பெடியனைப் பார்த்து வைச்சிருக்கிறன். புது ஜப்பான் வண்டி."

அவ்வளவுதான். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். வேலை போவதைவிட, வேண்டுமென்றே வண்டியை நிறுத்தியவன் என்ற பேரோடு போவது எனக்குத் தாங்காது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தேன். "எவ்வளவு கொழுப்பு பாரு! அவங்க ஆளு படத்துக்கு மட்டும் நான் நிறுத்தறேனாம்!"

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "என்னங்க, அவர் சொல்றது பொய்யா? அவங்க படத்துக்கு மட்டும்தானே நிக்குது?" என்றாள்.

"நீயுமா?"

"நான் உங்களைச் சொல்லல. நிக்கறது நிஜம்தானேன்னு கேட்டேன்."

நிஜம்தான். நான் பிளக்கையும் ஒயரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அண்ணன் கத்திய ஒரு வாக்கியத்தை யோசித்தே பார்க்கவில்லை. அவர் என்னைப் பற்றிச் சொன்னது அநியாயம். வண்டியைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. அதே பெட்டி, அதே கனம், அதே பாலம், அதே வெயில். எங்கள் நாயகன் படத்துக்கு இல்லாத எது, அவர்கள் நாயகன் படத்துக்கு என் வண்டியில் ஏறுகிறது?

மாலை!

அதுவும் முதல் பெட்டிக்கு மட்டும். வண்டி நின்றதும் முதல் வேலையாக மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு பிளக்கைத் தொட்டவன் நான். பழியும் புகழும் பிளக்குக்குப் போய்விட்டன. மெக்கானிக் வெறும் வண்டியை ஓட்டினார், அது ஏன் நிற்கப் போகிறது? எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "கையைக் கழுவு, வா" என்று மனைவியைக் கிளப்பினேன்.

பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் மல்லிகை மாலை ஒன்று வாங்கிக் கைப்பிடியில் கட்டினேன். மனைவி பின்னால் உட்கார்ந்துகொண்டாள். செலகி ரோடு தாண்டிப் பாலம்வரை போனோம். வழியெல்லாம் யாருக்குக் கல்யாணம் என்று கேட்காதவன் இல்லை. பாலத்தில் காற்று வீசியது. மாலை ஆடியது. வண்டி நிற்கவேயில்லை. போனோம், வந்தோம், மறுபடி போனோம். என்னுடைய வெற்றியெல்லாம் அந்த ஆற்றுச் சகதி நாற்றத்தில் கரைந்து போயிற்று.

பாலத்தின் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். மனைவி மாலையைத் தடவிப் பார்த்தாள்.

"அவர் கட்டறது இந்த மாதிரி மாலை இல்லீங்க. ஒருநாள் அதை நீங்க தோள்ல போட்டுக்கிட்டு ஓட்டினீங்கள்ல, உங்க சட்டையெல்லாம் ஜிகினா. துவைச்சும் போகல. அது கல்யாண மாலை மாதிரி."

அவளை அந்தப் பாலத்திலேயே தூக்கிச் சுற்றியிருப்பேன், வயிற்றில் பிள்ளை இருந்ததால் விட்டேன்.

திரும்பிப் போய், சரிகை போல மின்னும் ஜிகினா இழைகள் சுற்றித் தொங்குகிற மாலையாகப் பார்த்து வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டு பாலம் ஏறினோம். ஆற்றிலிருந்து காற்று வந்தது. எஞ்சின் இருமியது. ஒரு நொடி பிடித்தது. அடங்கியது. வண்டி நின்றதற்காக வாழ்நாளில் நான் கூத்தாடியது அன்று ஒருநாள்தான்.

இந்த முறை எதையும் தொடவில்லை. மாலையைக் கழற்றவும் இல்லை. குனிந்து பார்த்தேன். இடது கைப்பிடியில் எஞ்சினை அணைக்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் மேக்னட்டோவிலிருந்து வரும் ஒயர் கைப்பிடியின் இரும்பைத் தொடும். தொட்டால் பிளக்கில் பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும். அந்தப் பொத்தானுக்கு அடியில் இருந்த ரப்பர் மூடி என்றைக்கோ உதிர்ந்து போய், ஒயரின் திருகு வெட்டவெளியாக இருந்தது. காற்றில் ஆடிய ஒரு ஜிகினா இழை, ஒரு முனை திருகிலும் மறு முனை கைப்பிடி இரும்பிலுமாகச் சாவகாசமாகப் படுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ஜிகினா சுத்தமான உலோகம். தலைமுடி அளவுகூட இல்லாத அந்த இழைதான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குள் வீடுகள் காற்றை மறைத்துவிடும். பாலத்தில்தான் மாலை பறக்கும்.

"அந்த இழையை எடு" என்றேன். விரல் நுனியால் எடுத்தாள். உதைத்தேன், எஞ்சின் முழங்கியது. "வை" என்றேன். வைத்தாள். செத்தது. "எடு." உயிர் வந்தது. "வை." போயிற்று. எடு, வை என்று நாங்கள் விளையாடியதில் பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. கீழே படகில் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். எத்தனை மாதம் என்னை ஆட்டி வைத்த கோளாறு! இப்போது நான் வா என்றால் வருகிறது, போ என்றால் போகிறது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ராஜாவாக இருந்தேன்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பொத்தானின் அடியையும் திருகையும் மூடி, கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். வேலை அவ்வளவுதான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

தீபாவளி வந்தது. சிராங்கூன் ரோட்டில் எண்ணெய் வைத்த தலைகளும் புதுச் சட்டைகளும் பட்டாசுப் புகையும். கொட்டகை வாசலில் நிற்க இடமில்லை. ஓரமாக ஜப்பான் வண்டியில் சாய்ந்துகொண்டு மானேஜர் பார்த்து வைத்திருந்த பையன், ஒரு மலாய்க்காரன், நின்றான். பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

முதல் பெட்டி கீழே வந்தது. அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாலையோடு வந்தார். அப்படி ஒரு மாலையை நான் கோயில் தேரில்கூடப் பார்த்ததில்லை. பூவே தெரியாத அளவுக்கு ஜிகினா. நான் மானேஜரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மாலைதான் காரணம் என்பது மட்டும் அவர் காதில் ஏறியிருக்கிறது, ரப்பர் சுற்றியது ஏறவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாலை கட்டக் கூடாது! கட்டினால் வண்டி நிண்டு போகும்! பெட்டி வெறுமனே போகட்டும்!"

கூட்டம் வெடித்தது. "எங்க ஆளு படத்துக்கு மாலை போடக்கூடாதா? யார்ரா சொன்னது?" அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. அவர் என்னைத்தான் பார்த்தார். இதுவும் என் வேலைதான் என்று அந்தப் பார்வை சொன்னது. நேரம் போய்க்கொண்டிருந்தது. தஞ்சோங் பகாரில் செய்திப்படம் ஓடத் தொடங்கியிருக்கும்.

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கட்டுங்கண்ணே! இன்னொரு மாலை இருந்தா அதையும் கொண்டு வந்து கட்டுங்க! வண்டி நின்னா நானே இதைத் தூக்கி ஆத்துல போட்டுடறேன்!"

மானேஜர் தலையில் கை வைத்தார். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாலையை இறுக்கிக் கட்டினார். பிறகு பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "நானும் வர்றேன். எங்க நிக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.

வண்டி அவருடைய கனத்தில் முனகிக்கொண்டு கிளம்பியது. செலகி ரோடு, பிராஸ் பாசா, நார்த் பிரிட்ஜ் ரோடு. என் காதெல்லாம் எஞ்சினில். பாலம் கண்ணில் பட்டது. அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஏறினேன். காற்று அடித்தது. மாலை எழும்பி என் முகத்தில் அறைந்தது. ஜிகினா இழைகள் பொத்தானைச் சுற்றிப் பின்னிக்கொண்டு பறந்தன. ரப்பரைத் தொட்டன, தொட்டன, தொட்டுக்கொண்டே இருந்தன. எஞ்சின் ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. பாலத்தின் நடுவில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். மறுபக்கம் இறங்கும்போது நான் ஊளையிட்டேன். பின்னாலிருந்து அண்ணன் என் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். சந்தோஷத்தில் அறைந்த அந்த வலி ரெண்டு நாள் இருந்தது.

தஞ்சோங் பகார் கொட்டகையில் செய்திப்படம் முதல் தடவைகூட முடிந்திருக்கவில்லை. அண்ணன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "நிக்கலடா! வண்டி நிக்கல!" என்று கத்திக்கொண்டே படியேறினார். ஆபரேட்டர் பெட்டியைப் பறித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே நாயகன் திரையில் வந்திருக்க வேண்டும். சுவர் அதிர்ந்தது. விசிலும் கைதட்டலும் காசு வீசும் சத்தமும் வாசல்வரை வந்தன. வாசலில் நின்ற எனக்கு அதில் பாதியாவது என் வண்டிக்குத்தான் என்று தோன்றியது. நானும் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன்.

அண்ணன் இறங்கி வந்து, வண்டியிலிருந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "தம்பி, நீ இனிமே நம்ம ஆளு."

"வண்டி வேணா உங்க ஆளா இருக்கட்டும்ணே. நான் அந்தப் பக்கம்தான்."

சிரித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. அதன் பிறகு கோளாறு என்ன என்று கேட்டார். பொத்தானைக் காட்டி, இழையைக் காட்டி, எல்லாம் விளக்கினேன். "அப்ப நான் கட்டினதுதான் நிறுத்தியிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த பெட்டிக்குக் கிளம்பிவிட்டேன். கழுத்தில் மாலையோடு சிராங்கூன் ரோட்டுக்குள் நுழைந்தபோது மானேஜர் வாசலுக்கே ஓடி வந்தார். ஜப்பான் வண்டிப் பையன் தன் வண்டியை உதைத்துக் கிளப்பி, எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான்.

பொங்கலுக்கு எங்கள் நாயகன் படம் வந்தது. முதல் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் கட்சிக்காரர்கள் வழக்கம்போலப் பட்டாசோடு நின்றார்கள். என் வண்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் அகன்ற முதுகு குனிந்திருந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்து, எதிர்க்கட்சிப் படத்தின் முதல் பெட்டிக்கு அண்ணன் மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஜிகினா வைத்த மாலைதான். கட்டி முடித்ததும், ரப்பர் சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "போ தம்பி" என்றார்.